ராசியான கம்பெனியை விட்டு மாறலாமா?

திருமங்கலத்தில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் வீட்டில் பதினைந்து ஆண்டுகளாக கம்ப்யூட்டரில் ஒரே கம்பெனி ஹார்ட் டிஸ்க், ஒரே கம்பெனி போர்டு (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டு). மிக்சி கூட அம்மா காலத்தில் இருந்து ஒரே பெயர்தான். இதுவரை எதுவும் பாதியில் காலை வாரியதில்லை. இப்போது பாலிடெக்னிக்கில் சேர்ந்திருக்கும் மகளுக்கு ஒரு சிஸ்டம் அசெம்பிள் செய்யலாம் என்று கடைக்குப் போனால், கடைக்காரர் அந்தப் பெயர்களில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் வேறு பெயர்களாக அடுக்குகிறார். "எங்களுக்கு ராசியான கம்பெனியை விட்டு மாறலாமா, இல்லை கம்பெனி பார்த்து வாங்குவதே அறியாமையா?" என்பது அவர் கேள்வி. பழைய டிஸ்க்கைக் கழற்றிப் புது சிஸ்டத்தில் மாட்டிக்கொள்ளலாமா என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்திருக்கிறார். கேள்வி ஒன்றுபோலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. பதினைந்து ஆண்டு அனுபவம் ஒரு கம்பெனியைப் பற்றி நமக்கு எவ்வளவு சொல்லும் என்பது முதலாவது. பெயர் மாறாவிட்டால் பொருளும் மாறவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா என்பது இரண்டாவது. கடைக்காரர் பேச்சை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது மூன்றாவது. அதை அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் கேள்வி முழுவதும் அந்தச் சந்தேகம்தான் ஓடுகிறது.

நான் 1999-இல் இருந்து மதுரையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தொழிலில் இருக்கிறேன். சிம்மக்கல் பக்கம் மாடியில் ஒரு சிறிய கடை. விற்பனை உண்டு என்றாலும் சோறு போடுவது சர்வீஸ்தான். டெஸ்க்டாப், பிரின்டர், யூ.பி.எஸ். ஆகிய மூன்றைப் பற்றிக் கைப்பழக்கத்தில் பேச முடியும். செல்போனையும் டிவியையும் பற்றி நான் சொல்வது பெரும்பாலும் படித்தும் கேட்டும் அறிந்ததுதான். என் கைப்பழக்கத்துக்கும் ஒரு குறை உண்டு. பழுது பார்ப்பவன் கண்ணில் பழுதானவை மட்டுமே படும். ஊரில் அதிகம் விற்கும் பொருள்தான் என் மேசைக்கும் அதிகம் வரும். ஒரு மாதத்தில் பத்து டிஸ்க் வந்து அதில் ஏழு ஒரே கம்பெனியுடையது என்றால் அது மட்டமான கம்பெனி என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் ஊரில் பத்து வீட்டுக்கு எட்டு வீட்டில் அந்தக் கம்பெனிதான் இருக்கிறது என்றால், உண்மையில் அது மற்றவற்றைவிடக் குறைவாகத்தான் பழுதாகிறது. இந்தக் கணக்கைப் போடாமல் "அந்தக் கம்பெனியைத் தொடாதீங்கண்ணே" என்று நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். சர்வீஸ் கடைக்காரர்கள் அடித்துச் சொல்லும் தீர்ப்புகளில் பாதி இப்படிப் பிறந்தவைதான்.

உங்கள் பதினைந்து ஆண்டு ராசிக்கு வருகிறேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரிதான். ஏனென்றால் அந்தப் பருக்கைகள் எல்லாம் ஒரே தண்ணீரில், ஒரே அடுப்பில், ஒரே நேரம் வெந்தவை. 2010-இல் நீங்கள் வாங்கிய டிஸ்க்கும் இன்று கடையில் இருக்கும் டிஸ்க்கும் ஒரே பானையில் வெந்தவை அல்ல. அதை விடுங்கள், ஒரே பானை என்றே வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நல்ல கம்பெனியின் டிஸ்க் நூற்றில் ஆறு மூன்று ஆண்டுக்குள் போய்விடும் என்றும், சுமாரான கம்பெனியில் அது இரண்டு மடங்காக, அதாவது நூற்றில் பன்னிரண்டாக இருக்கும் என்றும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு குடும்பமும் மூன்று டிஸ்க் வாங்குகிறது. நல்ல கம்பெனியிடம் வாங்கிய நூறு குடும்பங்களில் ஏறத்தாழ 83 குடும்பத்துக்கு ஒரு பழுதும் வராது. சுமாரான கம்பெனியிடம் வாங்கிய நூறில் 68 குடும்பத்துக்கு ஒரு பழுதும் வராது. அந்த 68 குடும்பமும் தங்கள் கம்பெனி ராசியானது என்றுதான் சத்தியம் செய்யும். உங்கள் வீடு அந்த 83-இல் ஒன்றா, இந்த 68-இல் ஒன்றா என்பதை உங்கள் அனுபவத்தை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. நல்ல டிஸ்க் வாங்கியும் மூன்று ஆண்டுக்குள் பறிகொடுத்த மீதிப் பதினேழு பேரில் ஒருவரிடம் போய்க் கேட்டால், அவர் அதே கம்பெனியை வாயாரத் திட்டுவார்.

நானே ராசி பார்த்துச் சூடு பட்டவன். 2001-இல் இருந்து நான்கு வருடம், கடையில் அசெம்பிள் செய்யும் ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் ஒரே கம்பெனி போர்டுதான் போட்டேன். பெயர் இங்கே வேண்டாம். அதுவரை ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. 2005 கோடையில் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. சிஸ்டம் தானாக அணைகிறது, விண்டோஸ் ஏறும்போது நிற்கிறது என்று புகார். கேபினட்டைத் திறந்தால் பிராசசரைச் சுற்றி வரிசையாக நிற்கும் கெப்பாசிட்டர்களின் (மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கித் தரும் சிறு உருளைகள்) தலை, தட்டையாக இருக்க வேண்டியது, ஆப்பம்போல நடுவில் உப்பியிருக்கும். சிலவற்றில் தலையில் உள்ள கீறல் வழியாகப் பழுப்பு நிறத்தில் கசிந்து காய்ந்திருக்கும். பல்லி எச்சம் என்று நினைத்து ஒரு வாடிக்கையாளர் துணியால் துடைத்தே எடுத்து வந்தார். ரேடியோ சாமான் கடையில் கெப்பாசிட்டர் வாங்கி வந்து, பழையதைக் கழற்றிப் பற்றவைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். கோபத்தில் வேறு கம்பெனி போர்டுக்கு மாறினேன். ஒன்றரை வருடத்தில் அதிலும் அதே ஆப்பம்.

பிறகுதான் விஷயம் புரிந்தது. 1999-இல் தொடங்கி ஏழெட்டு ஆண்டுகளுக்கு உலகம் முழுவதும் இந்தக் கோளாறு இருந்திருக்கிறது. பெரும்பாலும் தைவானில் செய்யப்பட்ட சில வகை கெப்பாசிட்டர்களின் உள்ளே இருக்கும் திரவக் கலவை சரியில்லாததால் வாயு உண்டாகி உப்பியிருக்கிறது. டெல் கம்பெனி தன் ஆப்டிபிளெக்ஸ் வரிசை சிஸ்டங்களில் இதனால் வந்த பழுதுக்காக 2005-இல் 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது. போர்டு செய்த கம்பெனிகள் கெப்பாசிட்டரைத் தாங்களே செய்வதில்லை, வாங்கித்தான் பதிக்கின்றன. நான் பெயரை மாற்றினேன், ஆனால் இரண்டு பெயர்களுக்கும் பின்னால் இருந்த சரக்கு ஒன்றுதான்.

இது கெப்பாசிட்டரோடு நிற்கும் கதை அல்ல. ராம் (சிஸ்டம் ஓடும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்) விற்கும் கம்பெனிகள் இருபது முப்பது இருந்தாலும், உள்ளே இருக்கும் சிப்பில் பெரும்பகுதியைச் செய்பவை சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே கம்பெனிகள். கிங்ஸ்டன், கோர்செயர், ஏடேட்டா எல்லாம் சிப்பை வாங்கிப் பலகையில் பதித்துச் சோதித்துத் தங்கள் பெயரில் விற்பவை. கோர்செயர் பெயரில் வரும் எஸ்.எம்.பி.எஸ்.களை (கேபினட்டுக்குள் பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) சீசானிக், சி.டபிள்யூ.டி., கிரேட் வால் என்று மாடலுக்கு ஒரு தொழிற்சாலை செய்து கொடுத்திருக்கிறது. ஹார்ட் டிஸ்க் உலகில் இன்று மிஞ்சியிருப்பவை சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா ஆகிய மூன்றுதான். மேக்ஸ்டரை 2006-இலும் சாம்சங்கின் ஹார்ட் டிஸ்க் பிரிவை 2011-இலும் சீகேட் வாங்கியது, ஐ.பி.எம். இடம் இருந்து ஹிட்டாச்சிக்குப் போன பிரிவை 2012-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் வாங்கியது. அதன் பிறகும் சில காலம் சாம்சங் பெயர் போட்ட லேப்டாப் டிஸ்க்குகளைச் சீகேட்டே விற்றது. சீகேட் வேண்டாம், சாம்சங் கொடுங்கள் என்று 2013-இல் ஒருவர் கேட்டு வாங்கிப் போயிருந்தால், அவர் காசு சீகேட்டுக்குத்தான் போயிருக்கும்.

உங்கள் அம்மாவின் மிக்சியும் இதற்கு விலக்கு அல்ல. தமிழ்நாட்டுச் சமையலறைகளில் வேரூன்றிய பிரீத்தியை 2011-இல் பிலிப்ஸ் வாங்கியது. பத்து ஆண்டு கழித்து, 2021-இல், பிலிப்ஸ் தன் வீட்டு உபயோகப் பொருள் பிரிவையே ஹில்ஹவுஸ் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. அந்தப் பிரிவு இன்று வெர்சுனி என்ற பெயரில் நடக்கிறது. பட்டர்பிளை 2022-இல் கிராம்ப்டன் கைக்குப் போனது. கைமாறியதால் பொருள் கெட்டுவிட்டது என்று நான் சொல்லவில்லை; சில நேரம் கைமாறிய பிறகு மேம்பட்டும் இருக்கும். பெயர் அதே இடத்தில் நிற்க, அதன் பின்னால் முடிவெடுக்கும் ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள் என்பது மட்டும்தான் செய்தி. டிவியில் இது இன்னும் வெளிப்படை. தாம்சன், கோடாக் என்று இந்தியாவில் விற்கும் டிவிகள், அந்தப் பெயரை உரிமம் வாங்கிப் போட்டுக்கொண்டு நொய்டாவில் உள்ள ஒரு நிறுவனம் விற்பவை.

கம்பெனி மாறாமல், பெயர் மாறாமல், மாடல் எண் கூட மாறாமல் உள்சரக்கு மாறிய கதைகளும் உண்டு. கிங்ஸ்டனின் வி300 என்ற எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கும் டிஸ்க்) 2013-இல் நல்ல பெயர் எடுத்தது; பிறகு அதே பெயரில், அதே பெட்டியில், வேகம் குறைந்த வேறு வகை சிப் போட்டு வந்தது. குரூஷியலின் பி2, வெஸ்டர்ன் டிஜிட்டலின் எஸ்.என்.550 இரண்டிலும் இதேபோன்ற மாற்றம் நடந்திருப்பது 2021-இல் வெளியே தெரிந்தது. இந்த மாதிரி மாற்றத்தைப் பெரிய கம்பெனி, சிறிய கம்பெனி என்ற வேறுபாடு இல்லாமல் செய்திருக்கிறார்கள். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல், வீடு, சிறு அலுவலகங்களில் நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டிகளுக்கான தன் சிவப்பு லேபிள் டிஸ்க்குகளில் சிலவற்றில், எழுதும் வேகத்தைக் குறைக்கும் தொழில்நுட்பத்தைச் சொல்லாமல் புகுத்தியது தெரியவந்து, பின்பு அந்த வரிசையையே இரண்டாகப் பிரித்துப் பெயர் வைக்க நேர்ந்தது.

ஆக, உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: ஒரு கம்பெனிக்கும் இன்னொரு கம்பெனிக்கும் உள்ள வித்தியாசத்தைவிட, ஒரே கம்பெனியின் ஒரு மாடலுக்கும் இன்னொரு மாடலுக்கும் உள்ள வித்தியாசம் பல நேரங்களில் பெரியது. இதற்கு என் கடை அனுபவத்தைவிட நல்ல சாட்சி இருக்கிறது. அமெரிக்காவில் உள்ள பேக்பிளேஸ் என்ற சேமிப்பு நிறுவனம் தன்னிடம் ஓடும் ஹார்ட் டிஸ்க்குகளில் எந்த மாடலில் எத்தனை போயின என்ற கணக்கை 2013-ஆம் ஆண்டில் இருந்து திரட்டி வெளியிட்டு வருகிறது. மொத்தமாகப் பார்த்தால் ஆண்டுக்கு நூற்றில் ஒன்றோ இரண்டோ போகின்றன. அந்தப் பட்டியலில் மிக மோசமான பெயர் எடுத்த ஒரு 3 டி.பி. டிஸ்க் சீகேட்டுடையது, அதே சீகேட்டின் வேறு மாடல்கள் அதே பட்டியலில் ஒழுங்காக ஓடியிருக்கின்றன. இந்தக் கணக்குக்கும் வரம்பு உண்டு. அவர்கள் டிஸ்க்குகள் குளிரூட்டிய அறையில் இரவு பகல் நிற்காமல் ஓடுபவை. நம் வீட்டு டிஸ்க் மே மாத வெயிலில், மாடி அறையில், நாளுக்கு நாலு முறை கரண்ட் போய்ப் போய் வரும் நிலையில் ஓடுவது. அங்கே நூற்றில் ஒன்று என்றால் இங்கேயும் அதுவே என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கம்பெனி மேல் உள்ள நம்பிக்கையைப் போலவே கம்பெனி மேல் உள்ள வெறுப்பும் காலாவதியான செய்தியில் ஓடுவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். "ஏ.எம்.டி. போட்டா ரொம்ப சூடாகுமாமேண்ணே" என்று இன்றும் வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார். ஏ.எம்.டி. என்பது பிராசசர் செய்வதில் இன்டெலுக்குப் போட்டிக் கம்பெனி. அந்தப் பேச்சுக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. 2001 வாக்கில் வந்த ஏ.எம்.டி. அத்லான் பிராசசர்களுக்கு, மேலே இருந்து சூட்டை இழுக்கும் ஹீட் சிங்க் கழன்றால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பிக்கும் வசதி இல்லை; நொடிகளில் கருகிவிடும். இன்டெலின் அன்றைய பென்டியம் 4-க்கு அது இருந்தது. ஆனால் 2004-இல் வந்த அடுத்த பென்டியம் 4 வகைகள் சூட்டுக்கே பேர் போனவை. 2017-இல் ஏ.எம்.டி.யின் ரைசன் வந்த பிறகு நிலைமையே வேறு. 2024-இல் பார்த்தால், இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சிலவற்றில் மின்னழுத்தக் கோளாறு வெளிப்பட்டு, இன்டெல் திருத்தம் வெளியிட்டதோடு வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. இருபது ஆண்டுக்கு முன் கேட்டதை அப்பா மகனுக்குச் சொல்லி, மகன் என் கடையில் வந்து சொல்கிறான். இதன் மறுபக்கம் "ஒரிஜினல் இன்டெல் போர்டு". அந்தக் காலத்தில் இன்டெலே செய்த டெஸ்க்டாப் போர்டுகள் உண்மையிலேயே உழைத்தன. இன்டெல் அந்தத் தொழிலில் இருந்து விலகுவதாக 2013-இல் அறிவித்துவிட்டது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அதையே கேட்டு வந்தவர்களுக்கு, இன்டெல் சிப்செட் (போர்டில் பாகங்களை ஒருங்கிணைக்கும் சிப்) போட்ட வேறு யாருடைய போர்டையோ "ஒரிஜினல் இன்டெல்தான் சார்" என்று கொடுத்து அனுப்பிய கடைகள் உண்டு. கண்மூடித்தனமான விசுவாசம் ஏமாற்றுகிறவருக்குத்தான் வசதி.

இனிச் சொல்வது அத்தனை உறுதியானது அல்ல. ஆனால் நம் பகுதிக்கு மிகவும் பொருந்துவது என்பது என் எண்ணம். மேலூர் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை. இரண்டு ஆண்டில் மூன்று எஸ்.எம்.பி.எஸ்., ஒரு போர்டு போயின. கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் கம்பெனியை மாற்றினார். நாலாவது தடவை, "எந்தக் கம்பெனியும் எனக்கு ராசியில்லண்ணே" என்றார். நேரில் போய், பிளக் பாயிண்டில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது, 22 வோல்ட் காட்டியது. கடையின் மெயின் ஸ்விட்ச் போர்டைத் திறந்தால் நியூட்ரல் கம்பி முடுக்கிய இடம் கறுத்துத் தளர்ந்து கிடந்தது. பின்பக்கம் எர்த் குழியின் மேல் ஹாலோ பிளாக் அடுக்கிவைத்திருந்தார்கள். மழை பெய்தால்கூட அதில் தண்ணீர் இறங்காது. மூன்று பேஸ் இணைப்பில் நியூட்ரல் விட்டுப்போனால் ஒரு பேஸில் 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 300-ஐத் தாண்டியும் ஏறும். எலக்ட்ரீஷியனை வைத்து நியூட்ரலைச் சரிசெய்து, குழியில் உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றியாயிற்று. நாலு வருடம் ஆகிறது, அதே எஸ்.எம்.பி.எஸ். ஓடுகிறது. முன்பு போன மூன்றும் இதனால்தான் போயின என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆனாலும் இரண்டு தடவைக்கு மேல் ஒரே பொருள் ஒரே வீட்டில் போனால், கம்பெனியை மாற்றுவதற்கு முன் பிளக் பாயிண்டைச் சோதிக்கச் சொல்கிறேன். யூ.பி.எஸ். பேட்டரியும் இப்படித்தான். அதில் உள்ள லெட்-ஆசிட் வகை பேட்டரியின் ஆயுள் 25 டிகிரி வெப்பத்தை வைத்துச் சொல்லப்படுவது. அதற்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது அந்தத் தொழிலில் எல்லோரும் வைத்துக்கொள்ளும் கணக்கு. ஜன்னலோர வெயிலில் யூ.பி.எஸ்.ஸை வைத்துவிட்டுப் பேட்டரி கம்பெனியை வருடா வருடம் மாற்றுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

அப்படியானால் கம்பெனி பெயருக்கு மதிப்பே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அது வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் அம்மாவின் மிக்சி விசுவாசத்தை நான் முழுமனதோடு ஆதரிப்பேன். காரணம் மோட்டார் அல்ல. அந்த மிக்சியின் ஜார் புஷ், பிளேடு, கப்ளர், கார்பன் பிரஷ் எல்லாம் திருமங்கலம் கடைத்தெருவிலேயே கிடைக்கும்; மாட்டத் தெரிந்த ஆளும் அங்கேயே இருப்பார். பத்து நிமிட வேலை. பிரின்டரிலும் இதே நியாயம்தான்: மை எங்கே கிடைக்கிறது, ஹெட் அடைத்துக்கொண்டால் யார் வருவார் என்பது தரத்தைவிட முக்கியம். போர்டு, எஸ்.எஸ்.டி., ராம் ஆகியவற்றில் பழுது பார்ப்பது என்பதே குறைந்துவிட்டது, மாற்றித் தருவதுதான். ஆகவே அங்கே கேட்க வேண்டிய கேள்வி, மாற்றித் தருகிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடிக்கையாளரின் போர்டு எட்டே மாதத்தில் போனது. உலகமெல்லாம் புகழும் கம்பெனி. மதுரையில் வாங்கிக்கொள்ளும் இடம் இல்லை, கோயம்புத்தூருக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினோம். 47 நாள் கழித்து, பிராசசர் சாக்கெட்டில் பின் வளைந்திருக்கிறது, வாரண்டி கிடையாது என்று ஒரு சீட்டோடு அதே போர்டு திரும்பி வந்தது. நாங்கள் அனுப்பும்போது எடுத்த போட்டோவில் பின் நேராக இருந்தது. போட்டோவைக் காட்டி, மின்னஞ்சல் அனுப்பி, இன்னும் மூன்று வாரம் மல்லுக்கட்டிய பிறகு மாற்றிக் கொடுத்தார்கள். அதைவிடப் புகழ் குறைந்த இன்னொரு கம்பெனி, ஊருக்குள்ளேயே ஆள் வைத்து மூன்றாம் நாள் மாற்றித் தருகிறது. கல்லூரி பிராஜெக்ட் முடிக்க வேண்டிய பிள்ளைக்கு எது நல்ல கம்பெனி?

கடைக்காரர் விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். டிஸ்ட்ரிபியூட்டர் எங்களுக்கு ஸ்கீம் போடுவார்: இந்த மாதம் இந்தக் கம்பெனி எஸ்.எஸ்.டி. இத்தனை எடுத்தால் இவ்வளவு கழிவு, சில நேரம் சுற்றுலா. மார்ச் மாதம் நாங்கள் ஒரு பெயரைத் தூக்கிப் பிடித்தால் அதற்குப் பின்னால் டார்கெட் இருக்கலாம். ஆனால் எல்லாமே ஸ்கீம் என்றும் எண்ணிவிட வேண்டாம். பழுதானால் முதலில் எங்கள் வாசலில்தான் வந்து நிற்பீர்கள் என்பதால், மாற்றித் தர இழுத்தடிக்கும் கம்பெனியை நாங்களே கையைவிட்டு ஒதுக்குவோம். எது எது என்று பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: "இது போனால் இங்கேயே கொடுத்தால் போதுமா, நான் எங்காவது அனுப்ப வேண்டுமா, எத்தனை நாள் ஆகும்?" ஸ்கீமுக்காகத் தள்ளுகிறவர் இந்தக் கேள்விக்கு மழுப்புவார்.

உங்கள் மகளின் சிஸ்டத்துக்கு, கம்பெனி பெயரை மறந்துவிட்டு, பின்வருமாறு பார்க்கச் சொல்வேன். கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை எடுக்காதீர்கள். லேபிளில் 450 வாட் என்று பெரிதாக இருக்கும். கீழே 12 வோல்ட் என்ற கட்டத்தில் 14 ஆம்பியர் என்று சிறிதாக இருக்கும். இன்றைய சிஸ்டம் பெரும்பாலும் 12 வோல்ட்டில்தான் ஓடுகிறது. பன்னிரண்டைப் பதினாலால் பெருக்கினால் 168 வாட், அவ்வளவுதான் சரக்கு. 80 பிளஸ் முத்திரை இருப்பது நல்லது, ஆனால் அது மின்சாரத்தை வீணாக்காமல் இருப்பதற்கான முத்திரையே தவிர உழைப்புக்கானது அல்ல. அந்தச் சோதனை நடப்பதும் 23 டிகிரி அறையில், நம் ஊர் மே மாதத்தில் அல்ல. எஸ்.எஸ்.டி.யில் ஒரே கம்பெனியே மூன்று ஆண்டு வாரண்டி வரிசையும் ஐந்து ஆண்டு வாரண்டி வரிசையும் விற்கும். ஐந்தாண்டு வரிசையை எடுங்கள், ஏனென்றால் தன் பொருளை எவ்வளவு நம்புகிறது என்று கம்பெனி காசு வைத்துச் சொல்லும் ஒரே இடம் அதுதான். ராம் யாருடையதாக இருந்தாலும் எனக்குக் கவலை இல்லை. மைக்ரான் தன் குரூஷியல் பெயரில் கடை விற்பனையையே நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. அந்தப் பெயருக்கு விசுவாசமாக இருந்தவர்களும் இனி வேறு பெயர் தேடியாக வேண்டும். போர்டில் மட்டும், பழுதானால் மதுரையில் யார் வாங்கிக்கொள்கிறார் என்று பாருங்கள். எச்.61 சிப்செட் போட்ட 'புது' போர்டு மலிவாகக் கிடைக்கும். அந்தச் சிப்செட் 2011-இல் வந்தது, தொட வேண்டாம்.

பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் இருக்க வேண்டும். 'சிஸ்டம் ஒன்று' என்று ஒரே வரியில் எழுதினால் வாங்காதீர்கள். கடையிலேயே சிஸ்டத்தை ஓடவிட்டு, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் எஸ்.எஸ்.டி. எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். புதியது என்றால் ஒற்றை இலக்கத்தில் இருக்கும். ஆயிரக்கணக்கில் இருந்தால் யாரோ ஓட்டிக் கழித்தது. வாரண்டி உள்ள பொருளை மாற்றித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை. எல்லாவற்றுக்கும் அந்தச் சீரியல் நம்பர் உள்ள பில்தான் ஆதாரம்.

கடைசியில் கேட்ட பழைய டிஸ்க் பற்றி. மாட்டலாம், ஆனால் அதற்கு முன் அதே மென்பொருளில் அதையும் பாருங்கள். 05, சி5 என்று தொடங்கும் இரண்டு வரிகளின் கடைசிக் கட்டத்தில் பூஜ்ஜியத்தைத் தவிர வேறு ஏதாவது இருந்தால், அந்த டிஸ்க் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் அதில் உள்ள போட்டோவும் திருமண வீடியோவும் இனி அதில் மட்டும் இருக்கக்கூடாது. பூஜ்ஜியமாகவே இருந்தாலும் ஸ்குரூவைக் கழற்றுவதற்கு முன் வெளியே ஒரு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள். 500 ஜி.பி. என்றால் இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். உங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பார்த்துக்கொண்டு, அந்த நாளைத் தவிர்த்து உட்காருங்கள்.